பலகைக்கு அடியில் ஒரு வால்

எங்கள் வகுப்புத் தோழியர் எங்களைக் காணும்போதெல்லாம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “அலையின்மேல் நிற்கும்போது பயமாக இராதா?” என்பதுதான் அது. பயமாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு விடை எழுதினால் நான்கு வரியில் கட்டுரை முடிந்துவிடும். ஆகவே இதுவரை எவருமே எங்களிடம் கேட்டிராத ஒன்றைப் பற்றி எழுதலாம் என்று தீர்மானித்தோம். அலைச்சறுக்குப் பலகையின் அடியில், ஒருவர் கண்ணிலும் படாமல், எப்போதும் நீருக்குள்ளேயே இருக்கும் ஃபின்னைப் பற்றித்தான் இக்கட்டுரை.

நாங்கள் என்றால் இருவர். மூத்தவள் இப்பள்ளியில் பத்தாம் வகுப்புப் பயில்கிறாள். இதை எழுதுபவள் அவளே. இளையவள் எட்டாம் வகுப்பு. எழுதியதைப் படித்துப் பார்த்து, பிடிக்காத இடத்தில் ‘பொய்’ என்று பென்சிலால் குறித்து வைப்பவள். எங்கள் ஊர் கோவளம். கேரளத்துக் கோவளம் அல்ல. சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரம் போகும் வழியில் உள்ள மீனவக் கோவளம். எங்கள் அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா மீன் விற்கிறவர். எங்கள் ஊரில் மீனவ இளைஞர்களே தொடங்கிய அலைச்சறுக்குப் பயிற்சி இருப்பது பலருக்கும் தெரிந்திருக்கும். அங்கே சொல்லிக் கொடுக்கும் அண்ணன் ஒருவர், தாம் பழகிப் பழசாக்கிய ஒன்பது அடிப் பலகையைச் சென்ற ஆண்டு பொங்கல் விடுமுறையில் எங்களுக்குக் கொடுத்தார். இருவருக்கும் சேர்த்து ஒரே பலகை. அதில் பூட்டுவதற்கு ஒரே ஃபின். எங்கள் கதைக்கெல்லாம் மூலகாரணம் அந்த ‘ஒரே’ என்ற சொல்தான்.

ஃபின் என்பது மீனின் துடுப்பைப் போன்ற ஒரு தகடு. பலகையின் வால்பக்கத்தில் அடியிலே செங்குத்தாக நிற்கும். சில பலகைகளில் மூன்று இருக்கும், சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் நான்குகூட. எங்களுடையதைப் போன்ற நீளப் பலகைகளில் நடுவே ஒன்றே ஒன்று பெரிதாக இருக்கும். அதைக் கழற்றி மாட்டலாம். பலகையில் ஒரு நீண்ட பள்ளம் உண்டு. அதற்குள் ஃபின்னை இறக்கி, பின்பக்கம் ஒரு பித்தளை ஊசியும் முன்பக்கம் ஒரு திருகாணியும் கொண்டு இறுக்க வேண்டும். முன்னே தள்ளிப் பூட்டினால் பலகை சுலபமாகத் திரும்பும். பின்னே தள்ளிப் பூட்டினால் நேராக ஓடும். எத்தனை அடிப் பலகையோ ஏறத்தாழ அத்தனை அங்குல ஃபின் என்பது பழகியவர்கள் சொல்லும் கணக்கு.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்கு விளக்கியவர் எங்கள் தாத்தா. அவர் அலைச்சறுக்கு ஆடியவர் அல்லர். “அந்தக் காலத்துல பாய் கட்டி மரத்துல போறப்ப, மரம் பக்கவாட்டா இழுத்துக்கிட்டுப் போவும். ஒரு பலகையைத் தண்ணிக்குள்ள இறக்குவோம். அப்பத்தான் நேராப் போவும். உங்க வாலும் அதுதான்” என்றார். தாத்தா ‘மரம்’ என்றால் கட்டுமரம். எங்கள் பலகையின் ஃபின்னைப் பார்த்த கணத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. எங்களுக்கோ அது புரிய மூன்று மாதம் ஆயிற்று.

பலகையோடு வந்தது பிளாஸ்டிக் ஃபின். அச்சில் வார்த்தது, விலை மலிவு, ஓரமெல்லாம் தடிமன். கையில் பிடித்து நுனியை அழுத்தினால் நுனி மட்டுமின்றி அடிவரைக்கும் வளையும். இளையவளுக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. அவள் எடை 36 கிலோ. அவள் சாய்ந்தால் பலகை சாயும், திரும்பினால் திரும்பும். மூத்தவள் 52 கிலோ. அவள் காலை அழுத்தித் திருப்பும்போது, திரும்பவேண்டிய நேரத்தில் ஃபின் வளைந்துகொண்டு நின்றது. ஒரு நொடி கழித்துத்தான் பலகை திரும்பும். கூப்பிட்டால் “என்னாம்மா?” என்று கேட்டுவிட்டுப் பிறகு மெதுவாக எழுந்து வரும் பிள்ளையைப் போல! அதற்குள் அலை எங்களைத் தாண்டிப் போய்விடும்.

இதைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஸ்கேல் சோதனை நடந்தது. தோழியரே, நீங்களும் செய்து பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல், ஒரு மர ஸ்கேல், ஒரு எஃகு ஸ்கேல் மூன்றையும் மேசை விளிம்பில் பாதி வெளியே நீட்டி, ஒரு கையால் அழுத்திப் பிடித்து, நுனியைத் தட்டுங்கள். மர ஸ்கேல் வளைய மறுக்கும். பிடிவாதமாக அழுத்தினால் ‘படக்’கென்று முறியும். பிளாஸ்டிக் ஸ்கேல் நன்றாக வளையும், ஆனால் சோம்பலாகத் திரும்பும். எஃகு ஸ்கேலோ வளைந்த வேகத்தில் ‘ட்ர்ர்ர்’ என்று துள்ளித் திரும்பும். எவ்வளவு வளைகிறது என்பது ஒரு குணம். வளைந்தது எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பது வேறொரு குணம். இரண்டும் ஒன்றல்ல என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு நல்ல ஃபின் திருப்பத்தில் சற்றே வளைந்து, திருப்பம் முடிகையில் நிமிர்ந்து, வாங்கிய விசையைப் பலகைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சத்தம் கேட்டு வந்த அறிவியல் சிஸ்டர் ஸ்கேல்களைப் பறித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தோம். பறித்தும்கொண்டார். ஆனால் மாலையில் கூப்பிட்டு, இரண்டு பிளாஸ்டிக் ஸ்கேல்களைப் பசையால் ஒட்டிக் கொடுத்து, “இப்போது வளையுங்கள்” என்றார். வளைக்க முடியவில்லை. தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு இரண்டு மடங்கு ஆகாதாம். எட்டு மடங்கு ஆகுமாம். மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. இரண்டின் மூன்றாம் படி, மூன்றின் மூன்றாம் படி. கணக்கு வகுப்பில் அடுக்குக் கணக்கைப் பார்த்தபோது வராத சந்தோஷம் அன்று வந்தது. அடியில் தடித்தும் நுனியில் மெலிந்தும் இருக்கும் ஒரே தகடு, அடியில் கல்லைப்போலவும் நுனியில் ஓலையைப்போலவும் இருக்க முடியும் என்பதன் இரகசியம் அதுதான். தாங்கும் பொருள் எது என்பதோடு, எந்த இடத்தில் எவ்வளவு தடிமன் என்பதும் சேர்ந்தே விறைப்பைத் தீர்மானிக்கிறது.

இனி நடந்ததைச் சொல்ல வேண்டும். இளையவள் இந்தப் பகுதியில் ‘பொய்’ என்று ஓரிடத்திலும் குறிக்கவில்லை.

மார்ச் மாதம் ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுநாள், பயிற்சி அண்ணனிடம் மூத்தவள் ஒரு ஃபின்னை இரவல் கேட்டாள். கண்ணாடியிழையோடு கார்பன் இழையும் சேர்த்துச் செய்தது. கறுப்பு நிறம், தூக்கினால் காகிதம்போல் லேசு, அழுத்தினால் அசையவே இல்லை. அதன் பின்விளிம்பு மெலிந்து கூராக இருந்தது. “இது எடை கூடுதலா இருக்கறவங்களுக்கு, வேகமான அலைக்கு. தங்கச்சிக்குக் குடுக்காதே” என்று அண்ணன் சொல்லித்தான் கொடுத்தார். முதல் அலையிலேயே மூத்தவளுக்குச் சொர்க்கம் தெரிந்தது. கால் நினைத்ததைப் பலகை அந்தக் கணமே செய்தது. ஆறு அலைகள் ஓடினாள். ஏழாவதாக, ‘எனக்கும் ஒன்று’ என்று கரையில் குதித்துக்கொண்டிருந்தவளிடம் பலகையைக் கொடுத்தாள். ஃபின்னைக் கழற்றி மாற்ற ஐந்து நிமிடம் ஆகும். அலை நன்றாக இருந்தது. ஐந்து நிமிடத்தை வீணாக்க மனம் வரவில்லை.

36 கிலோ எடைக்கு அந்த ஃபின் சற்றும் இளகிக் கொடுக்கவில்லை. பலகை தண்டவாளத்தில் ஓடுவதுபோல் நேராகவே ஓடியது. எதிரே ஒருவர் நீந்திக்கொண்டிருப்பதைக் கண்டு திருப்பப் பார்த்தாள், முடியவில்லை, குதித்தாள். அலை பலகையைக் கவிழ்த்தது. காலில் கட்டிய கயிறு இழுக்க, கவிழ்ந்த பலகை அவள் மேலேயே வந்து விழுந்தது. கெண்டைக்காலில் ஒரு கோடு. முதலில் இரத்தமே வரவில்லை, வெள்ளையாக இருந்தது. பிறகு வந்தது. ஏழு தையல்.

மருத்துவமனையில் அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, எங்கள் இருவரையும் உட்கார வைத்து, அந்தக் கறுப்பு ஃபின்னைக் கையில் எடுத்து, தினமும் அரிவாள்மணையைத் தடவிப் பார்ப்பதுபோல் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“கத்தியை அடியில கட்டிக்கிட்டா விளையாடறீங்க?”

அவ்வளவுதான் சொன்னார். அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. அன்றிரவு இளையவள் தூங்கிய பிறகும் மூத்தவள் தூங்கவில்லை. அந்த ஐந்து நிமிடத்தைத் திருப்பித் திருப்பி எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் முழுவதும் பலகை சுவரில் சாய்ந்தே இருந்தது. தையல் பிரித்து, புண் ஆறியதும், எங்கள் வீட்டில் சிறிய விசாரணை மன்றம் ஒன்று கூடியது. அம்மா இரண்டு கட்டளை இட்டார். ஒன்று: ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மூத்தவள் பலகை ஏறக்கூடாது, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடியும்வரை. இரண்டு: இளையவள் ஏறலாம், ஆனால் அடியில் கத்தி இருக்கக்கூடாது. மே மாதம் ஒன்றே மூத்தவளுக்கு மிச்சம்.

ஆகவே நாங்கள் ஃபின் தேடத் தொடங்கினோம். முதலில் அம்மாவின் விருப்பப்படி, புதிதாகப் பழகுவோருக்கான மெத்தைப் பலகைகளில் வரும் இரப்பர்போன்ற மென்மையான ஃபின்னைப் பார்த்தோம். காயம் படாது என்பது உண்மை. அலையில் பிடிப்பும் கிடையாது. ஒரு தடவை அதைப்போன்ற ஒன்றை வேறு பலகையில் ஓட்டிப் பார்த்தோம். ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு போவதுபோல் இருந்தது. பலகையின் வால் தன் இஷ்டத்துக்கு வழுக்கியது. திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாத பலகையும் ஆபத்துதான் என்பதை நாங்கள் கண்டவர்கள் அல்லவா?

பிறகு அண்ணன் தம்மிடமிருந்த ஃபின்களையெல்லாம் பாயில் பரப்பிக் காட்டினார். நாங்கள் ஒவ்வொன்றையும் எடுத்து, அடியைத் தரையில் ஊன்றி, நுனியைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தோம். கெட்டிக் கண்ணாடியிழைத் தகட்டிலிருந்து இழைத்தெடுத்த ஃபின் கனமாக இருந்தது. அடி அசையவில்லை, நுனி அழகாக வளைந்து துள்ளித் திரும்பியது. உள்ளே தேன்கூடுபோல் அறுகோண அறைகள் வைத்து மேலே கண்ணாடியிழை போர்த்தியது அதைவிட இலேசு. கார்பன் கலந்தவை எல்லாவற்றிலும் விறைப்பு. எடை கூடியவருக்கும் விசைமிக்க அலைக்கும் விறைப்பு வேண்டும், இல்லையேல் அழுத்தும்போது வளைந்து நழுவிவிடும். எடை குறைந்தவருக்கு வளைந்து கொடுப்பது வேண்டும், இல்லையேல் அவர் அழுத்துவது ஃபின்னுக்கு உறைக்கவே உறைக்காது. எங்களுக்குக் கெட்டிக் கண்ணாடியிழைதான் பிடித்திருந்தது. விலை ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல். அம்மா எத்தனை கூடை மீன் விற்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். பாயைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தோம்.

அன்று அப்பா சூரை மீன் கொண்டுவந்திருந்தார். அம்மா அதை அரிவாள்மணையில் வைக்குமுன், அண்ணன் சொல்லியிருந்த ஒரு கதை எங்கள் நினைவுக்கு வந்தது. பலகைக்கு முதன்முதலில் ஃபின் வைத்தவர் டாம் பிளேக் என்ற அமெரிக்கர். 1935-ஆம் ஆண்டு, ஹவாய்த் தீவில், கைவிடப்பட்ட விசைப்படகு ஒன்றின் உலோக அடித்தகட்டை எடுத்துத் தம் பலகையின் அடியில் பொருத்தினார். அதுவரை அலையில் ஓடியவர்கள் பின்காலை நீரில் இழுத்துக்கொண்டு போய்த்தான் திருப்பினார்களாம்! அதன்பின் பல ஆண்டுகள் ஃபின் என்றால் தடித்த, வளையாத தகடுதான். 1960-களில் ஜார்ஜ் கிரீனோ என்னும் கலிஃபோர்னியர், சூரை போன்ற வேகமான மீன்களின் துடுப்பைப் பார்த்து, கண்ணாடியிழையில் ஒடுங்கிய, நுனி வளையும் ஃபின்னைச் செய்தார். அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய் அங்குள்ளவர்களுக்கும் அதைக் காட்டினார். 1966-இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் நடந்த உலகப் போட்டியில் நாட் யங் என்ற ஆஸ்திரேலியர் வென்ற பலகையின் அடியில் இருந்தது கிரீனோவின் ஃபின். பிற்பாடு, 1981-இல், சைமன் ஆண்டர்சன் மூன்று ஃபின் பலகையால் பெரிய போட்டிகளை வென்று உலகத்தையே மாற்றிவிட்டார். ஆனால் எங்களுக்கு வேண்டியது கிரீனோவின் கதைதான். உலகமெல்லாம் விலைகொடுத்து வாங்கும் ஃபின்னின் மூல வடிவம் எங்கள் வீட்டு முற்றத்தில், மரப் பலகைமீது கிடந்தது!

வாலைப் பிடித்துப் பார்த்தோம். உடம்போடு சேரும் இடம் எலும்புபோல் விறைப்பு. நுனி மட்டும் விரலுக்கு இசைந்தது.

“இன்னாத்துக்கு மீன் வாலைப் புடிச்சு ஆட்டிக்கினு கீறீங்க?” என்றார் அப்பா. சொன்னோம். ஸ்கேலைப் பற்றி, எட்டு மடங்கைப் பற்றி, பாயில் பரப்பிய ஃபின்களைப் பற்றி, விலையைப் பற்றி எல்லாம் சொன்னோம். அப்பா பிளாஸ்டிக் ஃபின்னை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது ஃபைபர்தானே? நம்ம படகும் ஃபைபர்தானே?”

எங்களுக்கு ஏன் இது தோன்றவில்லை என்று இன்றும் வெட்கமாக இருக்கிறது. 2004-ஆம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைகளில் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றின் அடி பாறையிலோ மணலிலோ உராய்ந்து தேயும்போது, கண்ணாடியிழைத் துணியும் ரெசினும் வைத்து ஒட்டுப்போடுவது அப்பாவுக்குக் கைவந்த வேலை. அந்த மே மாதமும் படகுக்கு ஒட்டுப்போட்ட மிச்சம் வீட்டில் இருந்தது.

ஜன்னல் கண்ணாடித் துண்டொன்றின்மேல் மெழுகு தடவி, அதன்மேல் துணியை விரித்து, ரெசினைத் தூரிகையால் ஊறவைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்தி, அடுத்த துணியை விரித்தோம். மொத்தம் பன்னிரண்டு அடுக்கு. ஒரே மூச்சில் பன்னிரண்டையும் போட்டுவிடலாம் என்று நாங்கள் அவசரப்பட்டோம். அப்பா விடவில்லை. ரெசின் இறுகும்போது சூடாகும். தடிமனாகப் போட்டால் உள்ளே இருக்கும் சூடு வெளியேற வழியின்றி தகடு வெடித்துவிடும். ஆகவே நான்கு நான்காக மூன்று முறை. கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் எங்களைத் தொடவே விடவில்லை. அவை இரண்டையும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடித்து வெடிக்கும் என்பதால், ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதை ஊற்றினார். இரசாயன ஆய்வுக்கூடத்தில் எங்கள் சிஸ்டர் காட்டும் கண்டிப்பை அப்பாவிடம் அன்று கண்டோம்.

மூன்றாம் நாள் ஒன்பது மில்லிமீட்டர் தடிமனில் பச்சைநிறக் கண்ணாடிபோல் ஒரு தகடு கிடைத்தது. பிளாஸ்டிக் ஃபின்னை அட்டையில் வரைந்து, நுனியை மட்டும் சூரை வாலைப்போல் சற்று ஒடுக்கி வெட்டினோம். பிறகு ஆரம்பித்தது அரம் போடும் வேலை. அப்பா கிரைண்டரால் தேய்க்க, நாங்கள் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தோம். முகத்தில் துணி கட்டி, முழுக்கைச் சட்டை அணிந்தும், கண்ணாடித் தூள் கழுத்து வழியே இறங்கி இரண்டு நாள் அரித்தது. முன்விளிம்பு உருண்டையாக, நடுவில் தடித்து, பின்விளிம்பு மெலிந்து, மீனின் குறுக்குவெட்டைப்போல் வரவேண்டும். தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு அடுக்காகத் துணி வெளியே தெரிந்து, நில வரைபடத்தில் மலையைக் காட்டும் கோடுகளைப்போல வளையங்கள் விழுந்தன. அந்தக் கோடுகள் இருபுறமும் ஒன்றுபோல் இருந்தால் இருபுறமும் சமமாகத் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எங்களுடையதில் ஒன்றுபோல் இல்லை. இளையவள் தேய்த்த பக்கம் ஒரு வளையம் கூடுதல். (இங்கே ‘பொய்’ என்று குறித்திருக்கிறாள். பொய் அல்ல.)

நுனி எவ்வளவு மெலிய வேண்டும் என்பதே கடைசிக் கேள்வி. தேய்த்ததை மீண்டும் ஒட்ட முடியாது. அப்பா ஒவ்வொரு முறை தேய்த்ததும் ஃபின்னைத் தரையில் ஊன்றிப் பிடிப்பார். நாங்கள் கட்டைவிரலால் தள்ளிப் பார்ப்போம். ஒரு கட்டத்தில் மூத்தவள் தள்ளினாள். வளைந்தது, அளவாக வளைந்து துள்ளித் திரும்பியது. பாயில் பார்த்த ஐந்தாயிரம் ரூபாய் ஃபின்னும் அப்படித்தான் இருந்தது. இளையவள் தள்ளினாள். அசையவில்லை.

“போதுமா?” என்றார் அப்பா.

மே மாதம் முடியப் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் மூத்தவளுக்கு உரியவை. வேறொரு ஃபின் செய்ய ரெசின் இல்லை.

“இன்னும் கொஞ்சம்ப்பா” என்றாள் மூத்தவள்.

அப்பா தேய்த்தார். இளையவள் தள்ளினாள். இலேசாக அசைந்தது.

“இன்னும் கொஞ்சம்.”

“உனுக்கு வழுக்கிடும்மா. அப்பறம் திட்டக்கூடாது.”

“பரவால்லப்பா.”

இளையவளின் கட்டைவிரலுக்கு நுனி வளைந்து, ‘விண்’ணென்று திரும்பியதும் நிறுத்தினோம். பென்சில் பெட்டியிலிருந்த ஸ்கேலை வைத்து அளந்தபோது நுனியில் மூன்று மில்லிமீட்டர் இருந்தது. அடியில் ஒன்பது. இருபத்தேழு மடங்கு என்று சிஸ்டர் சொன்ன கணக்கு!

விளிம்பைத் தீர்மானித்தவர் அம்மா. அரிவாள்மணையைப் போலவே கட்டைவிரலால் தடவிப் பார்த்து, “இங்க,” “இங்கயும்” என்று காட்டினார். காட்டிய இடமெல்லாம் உப்புத்தாளால் மழுக்கினோம். மூன்றாவது தடவை தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அதுதான் அனுமதி என்று எடுத்துக்கொண்டோம்.

முதல் நாள் இளையவள் முதலில் போனாள். தழும்பு இருந்த காலைத் தண்ணீரில் வைக்கச் சற்றுத் தயங்கினாள். பிறகு படுத்துத் துழாவிக்கொண்டு போய்விட்டாள். இடுப்பளவு உயர அலை. எழுந்தாள், சாய்ந்தாள், பலகை அவளோடு சாய்ந்தது. கரையிலிருந்து பார்த்தபோது எங்கள் வீட்டு முற்றத்தில் செய்த ஒரு பொருள் அவளுக்குக் கீழே நீருக்குள் வளைந்து நிமிர்ந்துகொண்டிருக்கிறது என்று நம்பவே முடியவில்லை. வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, “அக்கா, அது பாடுது!” என்பதுதான்.

மூத்தவளும் போய்ப் பார்த்தாள். அப்பா சொன்னபடியே பெரிய அலையில் அழுத்தித் திருப்பினால் வால் வழுக்கியது. இரண்டு முறை விழுந்தாள். ஆனால் வேகம் கூடியதும் காலடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம், பலகை முழுவதும் பரவி உள்ளங்காலில் கூசியது. அண்ணனிடம் கேட்டோம். பின்விளிம்பு மழுங்கலாக இருந்தால் அதைக் கடந்துபோகும் நீர் இடமும் வலமுமாக மாறிமாறிச் சுழித்து ஃபின்னை அதிர வைக்குமாம். காற்றில் கம்பி இரைவதைப் போலத்தான். “பின்பக்கத்தை ஒரு சாய்வாக் கூர் பண்ணிடு, நின்னுடும்” என்று உப்புத்தாள் ஒன்றும் கொடுத்தார்.

கூர் செய்தால் சத்தம் நிற்கும். அம்மாவின் கட்டைவிரல் கண்டுபிடித்துவிடும். உப்புத்தாளை வாங்கிப் பென்சில் பெட்டியில் வைத்தோம். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, ஸ்கேலுக்குப் பக்கத்தில்.

ஜூன் மாதத்திலிருந்து எங்களில் ஒருத்தி கடலிலும் ஒருத்தி கணக்குப் புத்தகத்திலுமாக இருக்கிறோம். ஃபின் மெதுவான அலையில் பாடுவதில்லை, வேகம் கூடினால்தான் பாடும். ஆகையால் இளையவள் ஞாயிறு காலையில் ஈரத் தலையோடு வாசலில் வந்து நின்று, அலை எப்படி என்று கேட்குமுன் விரலை விரித்துக் காட்டுவாள். போன வாரம் மூன்று தடவை பாடியது. நேற்று ஐந்து.